வயோலா டேவிஸ் இவ்வளவு நாள் எங்கே இருந்தார்?

கேள்வி: அமெரிக்க நடிகை வயோலா டேவிஸை நாற்பது வயதுக்கு மேல்தான் உலகத்துக்கே தெரிந்தது. அதுவரை என்ன செய்துகொண்டிருந்தார்? மேடையில் ஊறியவர்களுக்கு கேமரா முன்னால் நடிப்பு மிகையாகிவிடும் என்கிறார்களே, இவருக்கு மட்டும் எப்படி?

பதில்: மேடையில்தான் இருந்தார். நியூயார்க்கின் ஜூலியார்ட் கலைப் பள்ளியில் நடிப்பு படித்துவிட்டு, 1996-ல் ஆகஸ்ட் வில்சன் எழுதிய 'செவன் கிட்டார்ஸ்' நாடகம் வழியாக நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளான பிராட்வேக்கு வந்தார். அதற்கே டோனி விருதுப் பரிந்துரை; அமெரிக்க நாடக உலகின் உச்ச விருது அது. 2001-ல் வில்சனின் இன்னொரு நாடகத்துக்காக டோனியை வாங்கியே விட்டார். ஆனால் சினிமா அவருக்குக் கொடுத்ததெல்லாம் சின்னச் சின்ன வேடங்கள்தான்.

2008-ல் வந்த 'டவுட்' படத்திலும் வேடம் சின்னதுதான், சில நிமிஷங்கள். மாணவன் ஒருவனின் அம்மாவாக வருகிறார். பள்ளியில் பாதிரியாரின் பாலியல் அத்துமீறலில் மகன் சிக்கியிருக்கலாம் என்று கன்னியாஸ்திரி மெரில் ஸ்ட்ரீப் எச்சரிக்க, ஜூன் வரைக்கும் அவன் அங்கே படித்து முடித்தால் போதும் என்கிறார் அந்த அம்மா. நடந்துகொண்டே பேசுகிறார், கண்ணீரோடு மூக்கும் ஒழுகுகிறது, குரல் மட்டும் ஏறவே இல்லை. இதில் மிகை எங்கே இருக்கிறது? அந்த ஒரு காட்சிக்கு ஆஸ்கர் பரிந்துரை வந்தது.

அப்புறம் 'ஃபென்ஸஸ்'. இதுவும் வில்சனுடையது. ரோஸ் என்ற மனைவி வேடத்தை டென்சல் வாஷிங்டனோடு 2010-ல் பிராட்வேயில் நடித்தார், 2016-ல் படத்திலும் அவரே. ஒரே வேடம், மேடையில் சிறந்த நாயகிக்கான டோனி, சினிமாவில் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர்! எனக்கு இதில் இன்னும் மனத்தாங்கல் உண்டு, ரோஸ் அந்தக் கதையின் சரிபாதி. மேடையில் மாதக்கணக்கில் தினமும் அந்தப் பெண்ணாக வாழ்ந்ததால்தான், கணவனின் துரோகம் தெரியவரும் காட்சியில் ஒவ்வொரு சொல்லும் எங்கிருந்து வருகிறது என்பது அவருக்கு அத்துப்படியாக இருந்தது. மேடைப் பழக்கம் கெடுத்தது என்று சொல்பவர்கள் அந்தக் காட்சியைப் பார்க்கட்டும்.

கேள்வி: டிவியில் அவர் செய்ததில் எது முக்கியம்?

பதில்: 'ஹவ் டு கெட் அவே வித் மர்டர்' தொடர், வேறு பேச்சே இல்லை. சிறந்த நாடகத் தொடர் நாயகிக்கான எம்மியை, அதாவது அமெரிக்க டிவியின் உயரிய விருதை, 2015-ல் வென்ற முதல் கறுப்பினப் பெண் அவர். கண்ணாடி முன் உட்கார்ந்து விக்கையும் மேக்கப்பையும் ஒவ்வொன்றாகக் கழற்றும் காட்சி ஒன்று முதல் சீசனிலேயே வரும், தவறவிடாதீர்கள். சிறுவயதில் நடிகை சிசிலி டைசனை டிவியில் பார்த்துத்தான் அவருக்கு நடிப்பு ஆசையே வந்தது; அந்த டைசனே இந்தத் தொடரில் அவருக்கு அம்மாவாக நடித்தார்.