மகன் சொல்லாமல் விட்ட பாதிக் கதை

வணக்கம் அம்மா. பொறியியல் முடித்த மகன், கேம்பஸில் கிடைத்த வேலை வேண்டாம், கிடாரை எடுத்துக்கொண்டு கன்ட்ரி பாட்டு (அமெரிக்க கிராமிய இசை) பாடப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். எதிர்த்துப் பேசினால் அமெரிக்கப் பாடகர், பாடலாசிரியர் கிறிஸ் கிறிஸ்டோஃபர்சன் கதையைச் சொல்லி வாயை அடைத்துவிடுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆளைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறான். கதையில்தான் பாதியை விட்டுவிட்டான்.

அவன் சொன்ன பாதி உண்மைதான். கிறிஸ்டோஃபர்சன் 1936இல் டெக்சாஸில் பிறந்தவர். அப்பா விமானப்படை அதிகாரி. இவர் ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்போர்டு போய் ஆங்கில இலக்கியம் படித்தார், ராணுவத்தில் ஹெலிகாப்டர் ஓட்டி கேப்டன் ஆனார். 1965இல் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் இலக்கியம் கற்பிக்கும் பணி காத்திருந்தது. அதை உதறிவிட்டு, கன்ட்ரி இசைக்குத் தலைநகரம் போன்ற நாஷ்வில்லுக்குப் பாட்டெழுதப் போய்விட்டார்.

மீதிக் கதை இதுதான். நாஷ்வில்லில் அவருக்குக் கிடைத்தது கொலம்பியா ஒலிப்பதிவுக் கூடத்தில் துப்புரவு வேலை. தரையைப் பெருக்குவார், சாம்பல் கிண்ணங்களைக் கொட்டிக் கழுவி வைப்பார். 1966இல் புகழ்பெற்ற பாடகர் பாப் டிலன் அங்கே ஒலிப்பதிவு செய்தபோது இவர் துடைப்பத்தோடு அதே கட்டடத்தில் இருந்தார். கௌரவம் பார்த்திருந்தால் இதைவிட நல்ல வேலை எத்தனையோ கிடைத்திருக்கும். ஆனால் பாட்டு உருவாகும் இடத்துக்குள் நுழைய விட்ட வேலை இது ஒன்றுதான்.

அந்தச் சம்பளம் போதவில்லை. குழந்தைக்கு உணவுக்குழாயில் கோளாறு, ஆஸ்பத்திரிச் செலவு. அப்போது கைகொடுத்தது ராணுவம் கற்றுத்தந்த தொழில்தான். லூசியானா கடலோரத்திலிருந்து கடலுக்குள் இருக்கும் எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆட்களை ஹெலிகாப்டரில் ஏற்றிச் செல்வார், ஓய்வு வாரங்களில் நாஷ்வில் திரும்பிப் பாட்டுகளோடு வாசல் வாசலாக ஏறி இறங்குவார். 'படிச்ச படிப்பு வீணாப் போயிடுமே' என்கிறீர்களே, இவருக்கு வீணாகவில்லை பாருங்கள். தன் பாட்டைக் கேட்க வைப்பதற்காக, பெரிய கன்ட்ரிப் பாடகரான ஜானி கேஷ் வீட்டுப் புல்வெளியில் இவர் ஹெலிகாப்டரையே இறக்கினார் என்பது நாஷ்வில்லில் பிரபலமான கதை. ஒரு கையில் பீர், மறு கையில் பாட்டைப் பதிந்த டேப் என்று கேஷ் சொல்லுவார். பீரெல்லாம் கிடையாது என்று இவர் மறுத்தார்.

விலையும் கொடுத்தார். முதல் திருமணம் முறிந்தது. பெற்றோர் உறவை அறுத்துக்கொண்டார்கள். அம்மாவே அப்படிக் கடிதம் எழுதினார். நீங்கள் எனக்கு எழுதினீர்களே தவிர அவனுக்கு அப்படி ஒன்றும் எழுதவில்லை. அதுவே பெரிய விஷயம். முதல் ஆல்பம் வந்தது 1970இல். அதாவது ஐந்து வருடம், அதுவும் இவ்வளவு திறமை இருந்தும்.

இன்னொன்றை மகனிடம் கேளுங்கள்: இதுவரை எத்தனை பாட்டு எழுதியிருக்கிறான்? கிறிஸ்டோஃபர்சனின் குரல் கரகரப்பானது. அதை நம்பி அவர் நாஷ்வில் போகவில்லை. ஜானி கேஷ், சாமி ஸ்மித், ஜானிஸ் ஜாப்ளின் என்று மற்றவர்கள் இவர் பாட்டுகளைப் பாடியதுதான் அவரைத் தூக்கிவிட்டது. பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. எழுதி மெட்டமைத்தது ஒன்று, அதைப் பாடிப் பதிவு செய்தது இன்னொன்று. முதலாவது கையில் இருந்தால் யார் பாடினாலும் பங்கு வரும். மற்றவர்கள் பாட்டை மேடையில் பாடிக்காட்டுவது மட்டும் தெரிந்தவனுக்கு அன்றைய கச்சேரிப் பணத்தோடு சரி.

என் யோசனை: வேலையில் சேரட்டும். ஊரைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் பெங்களூரு கேட்கட்டும். ஆங்கிலத்தில் சொந்தப் பாட்டு பாடுகிறவர்களுக்கு மேடை அங்கே கிடைக்கும். சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் இரவு ஷிஃப்ட் இல்லாத பிரிவாக இருக்க வேண்டும். மாலை நேரம் போய்விட்டால் பாட்டும் போய்விடும். நாஷ்வில்லில் பெல்மான்ட் பல்கலைக்கழகத்தில் பாட்டெழுதுவதற்கே பட்டப்படிப்பு இருக்கிறது. அவன் அந்தப் பேச்சை எடுத்தால், நிலத்தை விற்று அனுப்பும் யோசனை மட்டும் வேண்டாம்.

அப்புறம், யார் ஒப்பந்தம் நீட்டினாலும் கையெழுத்துப் போடும் முன் ஒரு வக்கீலிடம் காட்டச் சொல்லுங்கள். 2012இல் நம் பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தைத் திருத்தி, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டிப் பங்கை விட்டுக்கொடுத்துவிட முடியாதபடி செய்திருக்கிறார்கள் (தியேட்டரில் படத்தோடு ஓடுவதற்கு மட்டும் விலக்கு). அதை வசூலித்துத் தர ஐ.பி.ஆர்.எஸ். என்ற அமைப்பு இருக்கிறது. பாட்டுகள் வெளியானதும் அதில் உறுப்பினராகிவிடலாம்.

வேலையில் சேரும் தேதிக்கு முன்னால் ஒருநாள் அவனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கிடார் வேண்டாம், பாட்டு எழுதிய நோட்டு இருந்தால் போதும்.