கமராவுக்குக் கடன் வேண்டாம், சீசன் இல்லாத மாதங்களுக்குக் காசு ஒதுக்குங்கள்

கேள்வி: எனக்கு 27 வயது. உப்புவெளியில் ஒரு ஹோட்டலின் முன்பதிவுப் பிரிவில் வேலை. சம்பளம் 90,000 ரூபா. சேமலாப நிதிக்கு வெட்டியது போகக் கைக்கு 82,800 வரும். வீட்டுக்கு 40,000 கொடுக்கிறேன். சேமிப்பு 6 இலட்சம். சாப்பாட்டைப் படம் எடுப்பதும் அதைப் பற்றி எழுதுவதும்தான் என் விருப்பம். வேலையை விட்டுவிட்டுக் கொழும்பில் 6 மாதப் படிப்பு ஒன்றுக்குப் போக நினைக்கிறேன், கட்டணம் 350,000. கமரா, லென்ஸ் வாங்க வங்கியில் 9 இலட்சம் கடன் தருகிறார்கள்: 18 வீத வட்டி, 48 மாதம். போதாவிட்டால் அம்மாவின் 6 பவுண் நகையை அடகு வைக்கலாமா?

பதில்: இந்தத் தொழிலுக்கு வாருங்கள். திருகோணமலைக் கடற்கரையில் இத்தனை ஹோட்டல்கள் இருக்க, இங்கேயே இருந்து படம் எடுக்கிற ஒருவருக்கு இடம் உண்டு. ஆனால் நீங்கள் போட்டிருக்கிற வரிசை உங்களைக் கடனில் தள்ளிவிடும்.

படிப்புக்கு 350,000 என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையான செலவு அதுவல்ல. 6 மாதச் சம்பளம் 540,000 போகும். முதலாளி கட்டுகிற சேமலாப நிதி 12 வீதம், நம்பிக்கை நிதி 3 வீதம் இரண்டும் சேர்ந்து மாதம் 13,500, ஆறு மாதத்துக்கு 81,000. கொழும்பில் அறையும் சாப்பாடும் மாதம் 45,000 என்று வைத்தால் இன்னும் 270,000. எல்லாம் கூட்டினால் 12 இலட்சத்து 41 ஆயிரம். உங்கள் சேமிப்பைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

கடனுக்கு வருவோம். 9 இலட்சம், 18 வீதம், 48 மாதம் என்றால் மாதத் தவணை 26,440 ரூபா அளவில் வரும். முடிக்கும்போது வட்டி மட்டும் 369,000 கட்டியிருப்பீர்கள். அந்தத் தவணை நவம்பரிலும் டிசம்பரிலும் வரும். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் மழை பெய்து, பாதி அறைகள் பூட்டிக் கிடக்கிற மாதங்கள் அவை. உங்களுக்கு மட்டுமல்ல, உங்களுக்குக் காசு தரவேண்டிய ஹோட்டல்காரருக்கும் அப்போது வருமானம் இல்லை. இந்த ஊரில் இந்தத் தொழிலைக் கவிழ்ப்பது பழைய கமரா அல்ல, மாரியால் வருமானம் நிற்கிற நான்கு மாதம்தான். நகையைத் தொடவே வேண்டாம். தவணை தவறினால் ஏலத்துக்குப் போகிற பொருளை வருமானம் நிச்சயமில்லாத தொழிலுக்கு ஈடாக வைக்கக் கூடாது.

அதனால் 6 இலட்சத்தை இப்படிப் பிரியுங்கள். வீட்டுக்கு 40,000, உங்கள் கைச்செலவு 25,000, போக்குவரத்தும் டேட்டாவும் 10,000: மாதம் 75,000. நான்கு மாதத்துக்கு 300,000. இதை நிலையான வைப்பில் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள். 220,000 கருவிகளுக்கு. மீதி 80,000 குறுகிய காலப் பயிற்சிக்கும், சமைத்துப் படம் எடுத்துப் பழகுகிற செலவுக்கும்.

220,000க்குள் பாவித்த, சிறிய சென்சர் கமரா உடல் ஒன்று, 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்று, கிடையாக நீட்டக்கூடிய கை உள்ள முக்காலி ஒன்று போதும். பாவித்த லென்ஸ் வாங்கும்போது கைபேசி டோர்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி வலை போலத் தெரிந்தால் அது பூஞ்சணம், வாங்காதீர்கள். நம் உப்புக்காற்றில் நல்ல லென்ஸும் ஒரு மாரியோடு அப்படியாகலாம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பதமானி மூன்றையும் வாங்கி, உள்ளே 40 முதல் 50 வீதம் நிற்கும்படி பாருங்கள். ஏசி அறையிலிருந்து கடற்கரைக்கு வரும்போது அரை மணி நேரம் பையைத் திறக்காதீர்கள், இல்லாவிட்டால் கண்ணாடியில் நீர் படியும்.

படிப்பில் பெரும்பகுதியை வீட்டு ஜன்னலோரத்தில் முடிக்கலாம். நேர்வெயில் விழாத ஜன்னலில் மெல்லிய வெள்ளைத் துணி கட்டி, ஒளி பக்கவாட்டில் வரும்படி தட்டை வையுங்கள். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை ரெஜிஃபோம் அட்டை. வீட்டு மின்விளக்குகளை அணைத்துவிடுங்கள். மஞ்சள் வெளிச்சமும் பகல் வெளிச்சமும் கலந்தால் தேங்காய்ப் பூவின் ஒரு பக்கம் மஞ்சளாகவும் மறுபக்கம் நீலமாகவும் வரும், பிறகு கணினியில் சரிப்படுத்துவது கடினம். முதல் பாடமாகப் புட்டையும் நண்டுக்கறியையும் எடுங்கள். வெள்ளைப் புட்டைக் கமரா சாம்பலாக்கிவிடும், எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, முக்கால் முதல் ஒரு ஸ்டொப் வரை கூட்டவேண்டும் (ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு). கருஞ்சிவப்புக் கறியில் அதற்கு நேர்மாறு, குறைக்கவேண்டும். இரண்டும் ஒரே தட்டில் இருக்கும்போது புட்டின் மணிகளும் தெரிந்து, நண்டுக்கால் இருட்டிலும் போகாமல் எடுத்துவிட்டீர்களானால் மெனு வேலைக்கு நீங்கள் தயார். லென்ஸில் ஒளி புகும் துளையை எஃப் 5.6க்கும் 8க்கும் இடையில் வையுங்கள். எஃப் 1.8இல் முன்னிருக்கும் கால் ஒன்று மட்டும் தெளிவாகி மற்றதெல்லாம் மங்கிப்போகும், ஹோட்டல்காரருக்கு அது உதவாது.

கறியின் மேல் சில நிமிடத்தில் ஆடை படர்ந்து மினுக்கம் போய்விடும். அதனால் வெறும் தட்டை வைத்து ஒளி, கோணம், தூரம் எல்லாவற்றையும் முடித்த பிறகே சமையற்காரரிடம் உண்மையான தட்டைக் கேளுங்கள். காய்ந்துவிட்டால் தூரிகையில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய். தம்பலகாமத்து எருமைத் தயிரில் அந்த வழியும் இல்லை. கரண்டி பட்ட குழியில் கொஞ்ச நேரத்தில் நீர் ஊறிவிடும், முதல் அகப்பை அள்ளியதும் எடுத்தால்தான் உண்டு. கொழும்புப் படிப்பில் உங்களுக்குத் தேவையானது செயற்கை ஒளியும் கணினி வேலையும். அதை மட்டும் வார இறுதி வகுப்பாகத் தேடுங்கள்.

எழுத்தை மட்டும் நம்பி வீடு ஓடாது. படத்தோடு சேர்த்து விற்றால் ஓடும். மெனுவுக்கு இரண்டு வரி விளக்கம் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதித் தருகிற படக்காரரை ஹோட்டல்காரர் விடமாட்டார். செய்முறை எழுதினால் சுண்டுக் கணக்கில் விடாதீர்கள். ஒவ்வொரு வீட்டுச் சுண்டும் ஒவ்வோர் அளவு. அம்மா சுண்டில் அள்ளிய அரிசியைத் தராசில் நிறுத்துக் கிராமில் எழுதி, அதே அளவில் மூன்று தடவை சமைத்துப் பார்த்த பிறகு கொடுங்கள்.

விலையை அடுத்தவரைப் பார்த்து வைக்காதீர்கள். உங்கள் 75,000 உடன் கருவித் தேய்மானம் மாதம் 4,600 (220,000ஐ 4 வருடத்துக்குப் பிரித்து), முதுமைக்கு 15,000 சேர்த்தால் ஏறத்தாழ 95,000. வருடத்துக்கு 11 இலட்சத்து 40 ஆயிரம். பேச்சு, திருத்தம், அலைச்சல் எல்லாம் போக வருடத்தில் 60 நாள்தான் கட்டணம் வாங்கிப் படம் எடுக்க முடியும் என்று வையுங்கள். ஒரு நாளுக்கு 19,000 ரூபா. இதுதான் உங்கள் அடிமட்ட விலை. ஒரு நாளில் 8 முதல் 10 தட்டு, இரண்டு தடவை திருத்தம், மெனுவிலும் இணையத்திலும் ஒரு வருடப் பாவனை, பாதிக் காசு முற்பணம் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சாப்பாடும் இரண்டு இரவு அறையும் தருகிறோம் என்பார்கள். முதல் மூன்று இடங்களுக்கு மாதிரிப் படங்களுக்காக ஒத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம்.

வேலை கேட்கிற காலமும் முக்கியம். சீசன் சூடுபிடித்த ஜூலையில் எந்த மனேஜருக்கும் நேரமிருக்காது. மெனு அச்சடிக்கிற பெப்ரவரி, மார்ச்சில் போங்கள். தென்கரையில் காலி, ஹிக்கடுவைப் பக்கம் சீசன் டிசம்பரில் சூடுபிடித்து ஏப்ரல் வரை போகும். அங்கே செப்டெம்பர், ஒக்டோபரில் கேட்கவேண்டும். இங்கே மாரி தொடங்கும்போது அங்கே வேலை கிடைத்தால் அந்த நான்கு மாதம் இரண்டாகிவிடும்.

வரி: 2025 ஏப்ரல் 1 முதல் தனிநபருக்கு வருடம் 18 இலட்சம் வரை விலக்கு. சம்பளம் 1,080,000 போக, படத்தில் வரும் இலாபம் 720,000 வரை வரி இல்லை. அதற்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம். டின் என்கிற வரி செலுத்துவோர் இலக்கத்தை எடுத்து, பற்றுச்சீட்டுகளை முதல் நாளிலிருந்தே சேருங்கள். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்தால் அந்தப் பெயரில் வங்கிக் கணக்கும் திறக்கலாம்.

இப்போதைக்கு விடுமுறை நாட்களில் எடுங்கள். போட்டி ஹோட்டலுக்கு எடுப்பதை உங்கள் நிர்வாகம் குற்றமாகப் பார்க்கலாம், முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஏப்ரல் தொடங்கி அடுத்த மார்ச்சுக்குள் முழு விலையில் 24 நாள் கிடைத்து, அதில் 4 நாளாவது மாரி மாதங்களில் வந்திருந்தால், அந்த மார்ச்சில் ராஜினாமாக் கடிதம் கொடுக்கலாம்.