உரோமம் வளருமுன் வந்த பனி: கால்நடை மருத்துவரிடம் சில கேள்விகள்

கேள்வி: கனடாவில் எங்கள் ஊர்ப் பண்ணையில் அக்டோபர் மாதத்திலேயே மாடுகள் முதுகில் பனியைச் சுமந்தபடி வெளியில் நிற்கின்றன. இது கொடுமை இல்லையா, ஐயா?

பதில்: முதுகில் பனி உருகாமல் கிடப்பது நல்ல அடையாளம், உடலின் சூடு வெளியேறாத அளவுக்கு உரோமம் அடர்ந்திருக்கிறது என்பதே அதன் பொருள். அடர்ந்த உரோமம் உலர்ந்திருக்கும் மாடு சுமார் மைனஸ் 8 டிகிரி செல்சியஸ் வரை கூடுதல் தீனியில்லாமல் தாங்கும். தோல்வரை நனைந்துவிட்டாலோ, 15 டிகிரியிலேயே அதற்குக் குளிரத் தொடங்கிவிடும். நாம் அஞ்சவேண்டியது பனியைவிட ஈரத்தையும் காற்றையும்தான்.

கேள்வி: அப்படியானால் 2013இல் அமெரிக்காவின் தென் டகோட்டா மாநிலத்தில் அடித்த பனிப்புயலில் அவ்வளவு மாடுகள் இறந்தது ஏன்?

பதில்: அந்தப் புயல் அக்டோபர் முதல் வாரத்தில் வந்தது. மாடுகளுக்குக் குளிர்கால உரோமம் இன்னும் முளைக்கவில்லை. காற்றுக்கு மறைவில்லாத கோடை மேய்ச்சல் நிலங்களிலேயே அவை இருந்தன. முதலில் மழை பெய்து அவற்றை முழுக்க நனைத்தது, பிறகு கடுங்காற்றோடு பனி கொட்டியது, அம்மாநிலத்தின் ராபிட் சிட்டி நகரில் மட்டும் ஏறக்குறைய 58 சென்டிமீட்டர். காற்றுக்கு முதுகைக் காட்டி நடந்த மந்தைகள் வேலிகளைத் தாண்டிப் பள்ளங்களிலும் ஓடைகளிலும் விழுந்தன. பல்லாயிரம் மாடுகள் மடிந்தன. அந்நேரம் பார்த்து அமெரிக்க அரசு அலுவலகங்கள் நிதி ஒப்புதலின்றி மூடிக் கிடந்தன; கால்நடை இழப்பீட்டுத் திட்டமும் காலாவதியாகியிருந்தது, 2014ஆம் ஆண்டின் வேளாண் சட்டம்தான் அதை மீட்டது. அதற்குள் அண்டை மாநிலப் பண்ணையாளர்கள் தங்கள் மந்தையிலிருந்து சினைக் கிடேரிகளை ஓட்டிவந்து இழந்தவர்களுக்குக் கொடுத்தார்கள்.

கேள்வி: குளிருக்குத் தானியத்தைக் கூட்டலாமா?

பதில்: முதலில் உலர்புல்லைக் கூட்டுங்கள். நார்த்தீவனம் பெருவயிற்றில் நொதிக்கும்போது எழும் வெப்பம் மாட்டுக்கு உள்ளிருக்கும் அடுப்பு. தண்ணீர்த் தொட்டியில் பனிக்கட்டி படியவிடாதீர்கள். நீர் குறைந்தால் மாடு தீனியையும் குறைத்துவிடும்.

கேள்வி: கோழிக்கூண்டை இறுக மூடிவிட்டேன். சரிதானே?

பதில்: சரியன்று. மூச்சிலும் எச்சத்திலும் எழும் ஈரம் தேங்கினால் கொண்டை உறைந்து கருகும். கோழிகள் அமரும் கம்புக்கு மேலே காற்றோட்டம் விடுங்கள்.

கேள்வி: பனியில் புல்கட்டைப் பிரித்துப் போட்டால் எங்கள் பசு என் கையை நக்குகிறது. அது நன்றிதானே?

பதில்: உங்கள் கையிலுள்ள உப்பாகவும் இருக்கலாம்; கோபித்துக்கொள்ளாதீர்கள்! நன்றி என்ற உணர்வு அதற்கு உண்டென்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால் தன்னிடம் மென்மையாக நடந்தவரையும் முரட்டுத்தனமாக நடந்தவரையும் மாடு பிரித்தறிகிறது என்பதும், மாடுகள் ஒன்றையொன்று நக்கும் கழுத்துப் பகுதியை நாம் வருடினால் அதன் இதயத்துடிப்பு தணிகிறது என்பதும் ஆய்வுகளில் தெரியவந்தவை. ஆகவே புல்லைப் போட்ட கையால் கழுத்தையும் சற்று வருடுங்கள். அப்படியே விரல்களை உரோமத்துக்குள் விட்டு, அடித்தோல் உலர்ந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.