சீன ராக்கெட் கம்பெனிகளில் பணம் போடலாமா? கேள்வி பதில்

கேள்வி: சீனாவில் ராக்கெட் என்றால் அரசு வேலைதானே? தனியார் எப்போது வந்தார்கள்?

பதில்: 2014-ல் அரசே தனியார் முதலீட்டுக்குக் கதவைத் திறந்துவிட்டது. லேண்ட்ஸ்பேஸ், ஐ-ஸ்பேஸ் எல்லாம் அதற்கப்புறம் முளைத்தவை. 2023 ஜூலையில் லேண்ட்ஸ்பேஸின் ஜூச்சுவே-2 ராக்கெட் மீத்தேன் எரிபொருளில் சுற்றுப்பாதையை எட்டியது. உலகிலேயே அதுதான் முதல் முறை, அமெரிக்காவின் ஸ்பேஸ்எக்ஸ் கட்டும் ஸ்டார்ஷிப்பையும் முந்திவிட்டார்கள்.

கேள்வி: சம்பாத்தியம் எங்கிருந்து வரும்?

பதில்: நான் முதலில் பார்ப்பதும் இதைத்தான். குவோவாங் என்ற திட்டத்துக்கு மட்டும் சுமார் 13,000 இணையச் செயற்கைக்கோள்கள் வேண்டும். ஷாங்காயின் சியான்ஃபான் திட்டமும் ஆயிரக்கணக்கில் கேட்கிறது. சரக்கு ஏராளம், ஏற்றிப் போக வண்டிதான் போதவில்லை. ஆனால் சரக்குக்காரர் யார்? இரண்டுக்கும் பின்னால் அரசுப் பணம். 2024 ஆகஸ்டில் சியான்ஃபானின் முதல் 18 செயற்கைக்கோள்களை ஏற்றிப்போனதும் அரசின் லாங் மார்ச் ராக்கெட்தான். விலையைப் பெரிதாகக் குறைத்துக் காட்டாவிட்டால் தனியாருக்கு மிச்சம் மீதிதான் கிடைக்கும். குறைக்க ஒரே வழி, பூஸ்டரை, அதாவது ராக்கெட்டைக் கிளப்பும் அடிப்பகுதியை, திரும்ப இறக்கி மறுபடி பறக்கவிடுவது. 2025 டிசம்பரில் லேண்ட்ஸ்பேஸின் ஜூச்சுவே-3 சுற்றுப்பாதைக்குப் போய்விட்டது. பூஸ்டரோ இறங்கும்போது தீப்பிடித்து, தளத்துக்குப் பக்கத்தில் வந்து மோதியது. முதல் முயற்சிக்கு மோசமில்லை என்பேன்.

கேள்வி: கட்டிப்போட்ட ராக்கெட் ஒன்று தானாகப் பறந்துவிட்டதாமே?

பதில்: உண்மைதான். 2024 ஜூன் 30, ஹெனான் மாகாணத்தில் கோங்யீ. ஸ்பேஸ் பயனியர் என்ற தனியார் கம்பெனியின் தியான்லாங்-3 ராக்கெட்டைச் சோதனை மேடையில் பிணைத்து எஞ்சின்களை இயக்கினார்கள். பிணைப்பு முறிந்தது. ராக்கெட் மேலே கிளம்பி, ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி மலையில் விழுந்து வெடித்தது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. இந்தத் துறையில் பல வருட முதலீடு ஒரே நிமிடத்தில் கரியாகலாம் என்பதற்கு அந்த வீடியோவே போதும்.

கேள்வி: லேண்ட்ஸ்பேஸ் ஐபிஓவில் (முதல் பொதுப் பங்கு வெளியீட்டில்) நாம் வாங்க முடியுமா?

பதில்: 2025 கடைசியில் 750 கோடி யுவான் திரட்ட ஷாங்காய் பங்குச் சந்தையில் தொழில்நுட்பக் கம்பெனிகளுக்கான பிரிவான ஸ்டார் மார்க்கெட்டில் விண்ணப்பித்தார்கள். லாபம் பார்க்காத ராக்கெட் கம்பெனிகளும் வரலாம் என்று விதியைத் தளர்த்தியிருக்கிறார்கள். ஆனால் ஹாங்காங் வழியாக ஸ்டார் மார்க்கெட் பங்கு வாங்க வெளிநாட்டு நிறுவன முதலீட்டாளர்களுக்குத்தான் அனுமதி. தனிநபருக்கு அந்த வழி கிடையாது. ஃபண்டு மூலமாகத்தான் போக வேண்டும். விண்ணப்பித்த எல்லாரும் பட்டியலில் ஏறிவிடுவதும் இல்லை. சாங் குவாங் சாட்டிலைட் என்ற செயற்கைக்கோள் கம்பெனி 2022-ல் விண்ணப்பித்து, 2024-ல் வாபஸ் வாங்கியது. இடையில் அமெரிக்கத் தடை வேறு.

கேள்வி: ஏற்கெனவே பங்குச் சந்தைப் பட்டியலில் உள்ள செயற்கைக்கோள் கம்பெனி சைனா ஸ்பேஸ்சாட்டை வாங்கலாமா?

பதில்: அது அரசுக் கம்பெனி. அமெரிக்கர்கள் அதில் முதலீடு செய்ய அவர்கள் அரசே தடை போட்டிருக்கிறது. ஃபண்டு வாங்கும்போது உள்ளே இது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நீங்கள் எதுவும் வாங்கினீர்களா?

பதில்: இல்லை. இறங்கிய பூஸ்டரையே மறுபடி ஏற்றிக் காசு வாங்கும் கம்பெனி வரட்டும், அப்புறம் யோசிக்கிறேன்.