கோலமாவும் கட்டுக்கம்பியும் அவன் படிப்புதான்

காரைக்குடியிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகன் ப்ளஸ் டூ படிக்கிறான், கணிதம்-அறிவியல் பிரிவு. பள்ளி விட்டு வந்ததும் செல்போனை ஒரு முக்காலியில் கட்டி நிறுத்திவிட்டு, களிமண், அரிசி மாவு, பனை ஓலை, அப்பாவின் இரும்புக்கடையில் கிடக்கும் கட்டுக்கம்பி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் நகர்த்தி நகர்த்திப் படமெடுத்துக்கொண்டே இருக்கிறானாம். சென்னையில் இருக்கும் பெரியப்பா ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ், அதிலும் செயற்கை நுண்ணறிவுப் பிரிவு, நிர்வாக ஒதுக்கீட்டில் பேசி வைத்துவிட்டார். முன்பணத்துக்கு ஊருணிப் பக்கத்து மனையை விற்கலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. "மண்ணையும் மாவையும் வைத்து விளையாடுகிறவனுக்கு நீங்கள்தான் புத்தி சொல்ல வேண்டும்" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அம்மா, பிள்ளையின் எதிர்காலத்தை நினைத்து உங்களுக்குத் தூக்கம் கெடுவது இயல்புதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆறுதல் இத்துடன் போதும். நீங்கள் அனுப்பிய அவனுடைய சிறு படங்களைப் பார்த்தேன். கூடவே வைத்திருந்த நோட்டுப் பக்கங்களையும் வரி விடாமல் படித்தேன். உங்கள் வீட்டில் புத்தி சொல்லப்பட வேண்டியவன் அவனல்ல.

அவன் செய்வதற்கு ஸ்டாப் மோஷன் என்று பெயர். பொருளை மயிரிழை நகர்த்தி ஒரு படம், மறுபடி நகர்த்தி ஒரு படம் என்று எடுத்து, வேகமாக ஓடவிட்டால் அது உயிரோடு அசைவது போலத் தெரியும். திரையில் நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒரே நிலையை இரண்டு படத்துக்கு நிறுத்திச் சிக்கனம் செய்தாலும் நொடிக்கு 12 அசைவுகள், ஒரு நிமிடத்துக்கு 720. நடுவில் யாராவது முக்காலியை இடித்துவிட்டால் அந்தக் காட்சி போயிற்று, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். பொறுமை இல்லாத பிள்ளை இதில் ஒரு மாலைப் பொழுதைக்கூடத் தாக்குப்பிடிக்க மாட்டான்.

அந்த நோட்டில் என்ன இருக்கிறது என்று நீங்கள் பார்த்தீர்களா? அப்பத்தா போடும் நடுவீட்டுக் கோலம் தானே வளர்வது போல எடுக்க முயன்றிருக்கிறான். அரைத்த மாவில் இழுத்த இழை ஈரமாக இருக்கும்வரை மங்கலாகத் தெரிகிறது, காய்ந்த பிறகுதான் வெளுக்கிறது. முதலில் போட்ட இழை பளிச்சென்றும் கடைசி இழை மங்கியும் நின்றதில் காட்சி கெட்டுவிட்டது. உலர்ந்த அரிசி மாவுக்கு மாறினான். எறும்பு வந்தது. ஒரு படத்தில் இருக்கும் எறும்பு அடுத்த படத்தில் வேறெங்கோ இருப்பதால், ஓடவிட்டபோது கோலமெங்கும் கறுப்புப் புள்ளிகள் துள்ளின. பிறகு கல்மாவு எடுத்தான். மின்விசிறியை நிறுத்திவிட்டு, சின்னத் தூரிகையால் மாவை ஒதுக்கி ஒதுக்கி, கோலத்து மயிலைக் கழுத்துத் திருப்ப வைத்துவிட்டான். அந்தச் சில நொடிகளை நான் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தேன்.

களிமண்ணிலும் இதே கதைதான். கண்மாய் மண்ணைக் குழைத்துச் செய்த ஆள் உருவம் விளக்குச் சூட்டில் முழங்கையில் வெடித்தது. கடையில் விற்கும் எண்ணெய்க் களிமண் காய்வதில்லை. ஆனால் சூட்டில் இளகுகிறது, ஒவ்வொரு முறை தொடும்போதும் விரல் ரேகை பதிந்து தோல் நெளிவது போலத் தெரிகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு எழுதியிருக்கிறான். அதற்குப் பிறகு அவன் செய்ததுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. வெடிப்பது கண்மாய் மண்ணின் குணம் என்றால் வெடிப்பையே கதையாக்கலாம் என்று, தாம்பாளத்தில் ஈர மண்ணைப் பரப்பி, அது காய்ந்து பாளம் பாளமாகப் பிளப்பதைப் படம் படமாக எடுத்திருக்கிறான். நடுவில் காகிதத்தில் வெட்டிய ஒரு கொக்கு, தண்ணீர் தேடி ஒவ்வொரு வெடிப்பாகக் குனிந்து பார்க்கிறது. மழை பொய்த்த சிவகங்கைச் சீமையின் கோடை முழுவதும் அந்தத் தாம்பாளத்துக்குள் இருக்கிறது.

பொம்மைக்கு உள்ளே வைக்கும் எலும்புக்கூட்டைக் கட்டுக்கம்பியில் கட்டினால் சில முறை மடக்கியதுமே முட்டியில் ஒடிகிறது, அலுமினியக் கம்பியை இரட்டையாக முறுக்கிக் கட்டினால் கூடுதலாகத் தாங்குகிறது என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறான். கொட்டான் கூடை பின்னும் ஓலை நனைத்தால் சொன்னபடி கேட்கிறது, காய்ந்தால் விறைத்துக்கொள்கிறது என்று இன்னொரு பக்கம். வீட்டின் நடு முற்றமான வளவில் வைத்து எடுத்தபோது மேகம் வந்து போகும்போதெல்லாம் படம் துடித்திருக்கிறது, தூணின் நிழல் தரையில் ஊர்ந்திருக்கிறது. செல்போன் தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பதும் ஒரு காரணம் என்று கண்டுபிடித்து அதைப் பூட்டியிருக்கிறான். பிறகு இரண்டாம் கட்டில் இருக்கும் இருட்டுச் சாமான் அறைக்கு மாறி, ஒரே விளக்கில் எடுத்திருக்கிறான். அங்கே தரையில் இருக்கும் ஆத்தங்குடிக் கல்லின் பூவேலைக் கோடுகள்தான் பொம்மையின் கால் எவ்வளவு நகர்ந்தது என்பதற்கு அளவுகோல்.

இப்படி ஒன்றை ஊகித்து, செய்து பார்த்து, தவறியதன் காரணத்தை எழுதி வைத்து, மாற்றி மறுபடி செய்யும் பிள்ளைகள் என்னிடம் அதிகம் வருவதில்லை. இவன் யாரும் சொல்லாமலே செய்கிறான்.

"இந்தக் காலத்தில் எல்லாம் கம்ப்யூட்டரிலேயே வந்துவிடுகிறது, மண்ணைப் பிசைந்து என்ன ஆகப்போகிறது" என்று பெரியப்பா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். 2023ஆம் ஆண்டு ஆஸ்கர் விழாவில் சிறந்த அனிமேஷன் படத்துக்கான விருதை வாங்கியது, பொம்மைகளைக் கையால் நகர்த்தி எடுத்த கில்லர்மோ டெல் டோரோவின் பினோக்கியோ. நம் நாட்டுக் கதையும் ஒன்று உண்டு. தாதாசாகேப் பால்கே தன் முதல் பெரிய படத்துக்குப் பணம் தேடி அலைந்தபோது, தொட்டியில் பட்டாணி முளைத்து வளர்வதைப் படம் படமாக எடுத்து ஓடவிட்டுத்தான், இந்தக் கலை தனக்குக் கைவந்திருக்கிறது என்று பணம் போடுகிறவர்களை நம்பவைத்தார். அது 1912ஆம் ஆண்டு. உங்கள் மகன் தாம்பாளத்தில் செய்ததும் அதே வேலைதான். சினிமா நமக்கு ஒட்டாத தொழில் என்று செட்டிநாட்டில் யாரும் சொல்லக்கூடாது. ஏவி.எம். ஸ்டுடியோ சென்னைக்குப் போவதற்கு முன் காரைக்குடியில்தான் இருந்தது, 1947இல் வெளிவந்த நாம் இருவர் இங்கே உருவான படம்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் மீது எனக்குப் பகை இல்லை. அதை விரும்பிப் படிக்கிற பிள்ளைக்கு அது நல்ல படிப்பு. உங்கள் மகனின் நோட்டில் நிரல் என்று ஒரு வரி கிடையாது. நிர்வாக ஒதுக்கீட்டில் நீங்கள் கொடுக்கப்போகும் பெரும்பணம் அவன் படிப்புக்காகக் கொடுப்பதல்ல, உறவினர் மத்தியில் சொல்லிக்கொள்ள ஒரு பெயருக்காகக் கொடுப்பது. மனையை விற்காதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. விருப்பமில்லாத படிப்புக்குச் சொத்தை விற்ற வீட்டில், பிள்ளை பாதியில் விலகவும் முடியாமல் தொடரவும் முடியாமல் கிடப்பான். "உனக்காகத்தானே விற்றோம்" என்ற பேச்சு அவன் காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

இனி, நம் பக்கத்தில் அதிகம் பேசப்படாத ஒரு வழியைச் சொல்கிறேன். அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் இருக்கிறது, என்.ஐ.டி. என்பார்கள். மத்திய அரசு நிறுவனம், 1961இல் தொடங்கப்பட்டது, நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் என்ற தகுதி பெற்றது. ப்ளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்தவரும் விண்ணப்பிக்கலாம். பி.டெஸ். என்ற நான்காண்டுப் பட்டம், அதில் அனிமேஷன் திரைப்பட வடிவமைப்பு ஒரு துறை. முதல் ஆண்டு எல்லோருக்கும் பொதுவான அடிப்படைப் பயிற்சி. வரைதல், வடிவம், வண்ணம், பொருள்களைக் கையாளுதல் என்று கையால் செய்யும் வேலையே நிறைய.

நுழைவுத் தேர்வு இரண்டு கட்டம். முதல் கட்டம் எழுத்துத் தேர்வு. அதில் வரைவதும் யோசிப்பதும் கவனித்துப் பார்ப்பதும் சோதிக்கப்படும், சென்னையிலும் எழுதலாம். அதில் தேறியவர்களை இரண்டாம் கட்டமாகச் செய்முறைத் தேர்வுக்கு அழைப்பார்கள். இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள் அம்மா. களிமண், காகிதம், கம்பி, குச்சி போன்ற பொருள்களை மேசையில் கொடுத்து, ஒரு கருவைச் சொல்லி, குறித்த நேரத்துக்குள் ஒன்றைச் செய்து காட்டச் சொல்வது அந்தத் தேர்வின் வழக்கம். கொடுத்த பொருளின் குணம் அறிந்து பயன்படுத்தினானா, அல்லது எல்லாவற்றையும் ஒட்டி வைத்தானா என்பது பார்த்தவுடனே தெரிந்துவிடும். நகரங்களில் இதற்கென்றே பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன, கட்டணமும் அதிகம். உங்கள் பிள்ளைக்கு அந்தப் பயிற்சி உங்கள் சாமான் அறையிலேயே நடந்துகொண்டிருக்கிறது. கம்பி எங்கே ஒடியும், மண் எப்போது வெடிக்கும், ஓலை எந்த ஈரத்தில் வளையும் என்று கையால் தெரிந்தவன் அவன். பயிற்சி இன்னும் வேண்டுமென்றால், ஐயனார் கோயிலுக்குப் புரவி செய்யும் வேளாரிடம் விடுமுறையில் அனுப்புங்கள். மண்ணில் மணலும் உமியும் எந்த அளவில் கலந்தால் வெடிப்பு குறையும், அத்தனை பெரிய குதிரையை உள்ளே கூடாக வைத்து எப்படி நிறுத்துகிறார்கள் என்பதை அவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளட்டும்.

செலவையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அரசு நிறுவனம் என்றதும் கட்டணம் சொற்பம் என்று எண்ண வேண்டாம். நான்கு ஆண்டுக் கட்டணம், விடுதி, சாமான்கள் எல்லாம் சேர்த்தால் பல லட்சம் ஆகும். குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவித்தொகை உண்டு, வங்கிக் கடனும் கிடைக்கும். கணவருடன் உட்கார்ந்து கடையின் உண்மையான வரவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கட்ட முடியாது என்றால், சென்னைத் தரமணியில் தமிழக அரசின் எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரியில் அனிமேஷன் பட்டப்படிப்பு இருக்கிறது, கும்பகோணத்திலும் சென்னையிலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. கட்டணம் மிகக் குறைவு. எதற்கும் போகலாம், அங்கேயும் நுழைவுத் தேர்வு உண்டு என்பதை மட்டும் மறக்காதீர்கள். "நூறு சதவீத வேலை உறுதி" என்று பலகை மாட்டி, லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு நாலு மென்பொருள் மட்டும் சொல்லித்தரும் அனிமேஷன் பயிற்சி மையங்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். மென்பொருளை இவன் வயதுப் பிள்ளைகள் வீட்டிலேயே கற்றுக்கொள்கிறார்கள்.

வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்டாப் மோஷன் மட்டுமே செய்து பிழைப்பவர்கள் நம் நாட்டில் சிலர்தான், அதை அவனிடமும் சொல்லுங்கள். ஆனால் இந்தக் கையும் கண்ணும் விளம்பரப் படம், அனிமேஷன் படங்களின் பாத்திர வடிவமைப்பு, மாதிரி உருவம் செய்தல், ஒளியமைப்பு, குழந்தைகளுக்கான படங்கள், அருங்காட்சியகக் காட்சிகள் என்று பல இடங்களில் தேவைப்படுகின்றன. கம்ப்யூட்டரில் உருவத்தை அசைக்கிறவனுக்கும், எடை எங்கே விழுகிறது, கால் எப்போது தரையை விட்டு எழுகிறது என்ற அறிவு வேண்டும். பொம்மையைக் கையால் நகர்த்திப் பழகியவனுக்கு அது ஏற்கெனவே இருக்கிறது. முதல் சில ஆண்டுகள் வருமானம் ஏறி இறங்கும். கம்ப்யூட்டர் வேலைக்குப் போன பெரியப்பா மகனோடு அவனை ஒப்பிட்டுப் பேசுவார்கள். அந்தப் பேச்சுக்கு வீட்டில் இடம் கொடுக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

பையனுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. என்.ஐ.டி. இடங்கள் குறைவு, போட்டி கடுமை, விரும்பிய துறை கிடைப்பதற்குத் தனிப் போட்டி. அதனால் ப்ளஸ் டூ பாடத்தைக் கைவிடக்கூடாது, ப்ளஸ் டூ தேர்ச்சி எல்லாக் கதவுக்கும் வேண்டும். கேள்வித்தாள் தமிழில் வராது, ஆங்கிலத்தில் படித்துப் புரிந்து பதில் எழுதப் பழக வேண்டும். அவனுடைய வரைதல், கைவேலையின் அளவுக்கு இன்னும் வரவில்லை. மனித உருவங்கள் விறைப்பாக இருக்கின்றன. சந்தை நாளில் ஒரு மூலையில் உட்கார்ந்து, கூடை தூக்குகிறவர்களையும் பேரம் பேசுகிறவர்களையும் பென்சிலால் வேகமாகக் கோடிழுக்கட்டும். தினமும் செய்ய வேண்டும். செல்போனில் இருக்கும் படங்களையெல்லாம் வேறோர் இடத்தில் நகலெடுத்து வைக்கச் சொல்லுங்கள், அந்த நோட்டைப் பத்திரமாக வையுங்கள்.

விண்ணப்பம் வழக்கமாக ஆண்டின் கடைசி மாதங்களில் வரும், தேதியும் வயது வரம்பும் அந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வேலையை மட்டும் அறிவிப்புக்காகக் காத்திருக்காமல் இந்த வாரமே தொடங்க வேண்டும். பள்ளிக்காக வாங்கிய பி.சி. சாதிச் சான்றிதழ் மத்திய அரசு நிறுவனத்தில் செல்லாது. உங்கள் சமூகம் மத்திய அரசின் ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்டோர்) பட்டியலில் இருந்து, குடும்ப வருமானம் வரம்புக்குள் இருந்தால், மத்திய அரசுப் படிவத்தில் தனிச் சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, தாலுகா அலுவலகத்திலிருந்து வந்து சேர நாளாகும். பள்ளிச் சான்றிதழ்களிலும் ஆதாரிலும் அவன் பெயரும் தலைப்பெழுத்தும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று அதற்கு முன் சரிபார்த்துவிடுங்கள்.