பாலும் புலால் மறுப்பும்

கேள்வி: வள்ளலார் நெறியில் புலால் மறுத்து வாழும் நான் பால் அருந்துவது முரண் என்று, பால் உட்பட விலங்குகளிடமிருந்து வரும் எதையும் உண்ணாத வீகனாக மாறிய என் மகள் கூறுகிறாள். அது சரியா?
– வாசகர், கடலூர்

பதில்: உயிர்க்கொலைக்கு அஞ்சியே புலாலை விட்டீர்கள் என்றால், மகளின் கேள்வியை ஒதுக்கிவிட இயலாது. கன்று ஈன்றால்தான் பசு பால் சுரக்கும். பிறப்பவற்றில் ஏறத்தாழப் பாதி காளைக்கன்றுகள். டிராக்டர் வந்தபின் உழவுக்கு வேண்டப்படாத அவற்றில் பலவும், கறவை வற்றிய பசுக்களில் பலவும் அடிமாடாகவே விற்கப்படுகின்றன. அதனால் உங்கள் நோன்பு பொய்யாகிவிடாது. இறைச்சியை விட்டதால் தவிர்ந்த கொலை தவிர்ந்ததுதான். எனினும், 1867இல் வடலூர் தருமச்சாலையில் வள்ளலார் ஏற்றிய அடுப்பு இன்றும் அணையாதிருப்பது பிற உயிரின் பசியைத் தன் பசியாக உணர்ந்ததால்தான். கன்றின் பசியும் அதில் அடங்கும் என்றே கருதுகிறேன். தயிரை உடனே விடுவது கடினம். காலைக் காப்பியிலிருந்து தொடங்கலாம்.