ஒரு தாள், எட்டுப் பக்கம்: வாசகர் கேள்விகள்

கேள்வி (கொட்டாஞ்சேனை, ஆசிரியை): தரம் ஐந்து மாணவர்களுடன் ஒரே ஏ4 தாளை மடித்து, நடுவில் வெட்டி, எட்டுப் பக்கப் புத்தகம் செய்தோம். படம் வரைந்து மடித்தபோது பாதிப் பக்கங்கள் தலைகீழாக நின்றன. கதையும் வரிசை மாறிவிட்டது. சில பிள்ளைகளின் தாள் வெட்டும்போதே கிழிந்தது. எங்கே பிழை?

பதில்: வரைந்த பிறகு மடித்ததுதான் பிழை. இந்தப் புத்தகத்தில் நான்கு பக்கங்கள் தாளில் தலைகீழாகத்தான் இருக்க வேண்டும். எவை என்பதை மடிப்பே சொல்லும். ஆகவே முதலில் வெற்றுத்தாளில் மாதிரி ஒன்று செய்யுங்கள்.

தாளை நீளவாக்கில் ஒரு தடவையும் குறுக்காக இரண்டு தடவையும் மடித்து விரித்தால் 74 மி.மீ. அகலம், 105 மி.மீ. உயரமான எட்டுக் கட்டங்கள் கிடைக்கும். அடுத்து தாளைக் குறுக்காக ஒரு தடவை மட்டும் மடியுங்கள். மடிப்பு இருக்கும் ஓரத்திலிருந்து, நடுக்கோட்டின் வழியே, அடுத்த குறுக்குக் கோடுவரை வெட்ட வேண்டும். 74 மி.மீ. வெட்டினால் விரிக்கும்போது 148 மி.மீ. நீளப் பிளவு இருக்கும். உங்கள் பிள்ளைகளில் சிலர் திறந்த ஓரத்திலிருந்து வெட்டியிருப்பார்கள். அப்படி வெட்டினால் இரு முனைகளும் பிளந்து நடு மட்டும் ஒட்டிநிற்கும், அந்தத் தாள் பிறகு புத்தகமாகாது. வெட்டு கோட்டைத் தாண்டினால் முதுகின் மூலை கிழியும். கோட்டை எட்டாமல் நின்றால் தாள் நடுவில் சுருங்கி நிற்கும்.

இனித் தாளை நீளவாக்கில் மடித்து, இரு முனைகளையும் நடுவை நோக்கித் தள்ளுங்கள். பிளவு வாய் திறக்கும். மேலிருந்து பார்த்தால் கூட்டல் குறி தெரியும். நான்கு இதழ்களையும் ஒரே பக்கமாகச் சுற்றி மடித்தால் புத்தகம். அதைக் கையில் பிடித்தபடியே பென்சிலால் 1 முதல் 8 வரை இலக்கமிட்டு, அதன்பின் விரித்துப் பாருங்கள். முகப்பு கீழ்வரிசையின் இரண்டாம் கட்டத்தில் இருக்கும்படி தாளை வைத்தால், கீழ்வரிசை இடமிருந்து வலமாக 8, 1, 2, 3. மேல்வரிசை தலைகீழாக 7, 6, 5, 4. இதைக் கரும்பலகையில் வரைந்துவிட்டால் போதும். மேல்வரிசையை வரையும்போது பிள்ளைகள் தாளைத் திருப்பி வைத்துக்கொள்வார்கள்.

எல்லாப் பக்கங்களும் தாளின் ஒரே முகத்தில் இருப்பதால் ஒரு பக்கப் போட்டோகொப்பி போதும். இந்த வடிவத்தின் மலிவு அதில்தான் இருக்கிறது. கொப்பி இயந்திரம் தாளின் விளிம்பில் ஏறத்தாழ 5 மி.மீ. அச்சிடாது. அந்த விளிம்பு புத்தகத்தில் எல்லாப் பக்கங்களின் அடியாகிறது, எனவே பக்க எண்ணை அடியோரத்தில் ஒட்டி எழுத வேண்டாம். படம் 2 மி.மீ. விலகி அச்சாவதும் வழமை. ஒவ்வொரு கட்டத்திலும் 6 மி.மீ. வெற்றிடம் விட்டால் அது கண்ணுக்குப் படாது.

இன்னொன்று. ஓரங்கள் ஒழுங்கில்லை என்று செய்து முடித்த புத்தகத்தை நறுக்கப் போகாதீர்கள். மேலோரத்தை நறுக்கினால் இரண்டு இதழ்கள் பிளக்கும், திறக்கும் ஓரத்தை நறுக்கினால் மற்ற இரண்டும் பிளக்கும். நறுக்கக்கூடியது அடியோரம் ஒன்றுதான்.

கேள்வி (தெகிவளை): தடித்த தாளில் செய்த சிறு புத்தகம் மூட மறுக்கிறது. மடிப்பில் கறுப்பு நிறம் உதிர்ந்து வெள்ளைக் கோடு தெரிகிறது. எவ்வளவு அழுத்தித் தேய்த்தும் பயனில்லை.

பதில்: தேய்த்துச் சரிவராது. தாளின் நார்கள் ஒரு திசையில் ஓடுகின்றன. மடிப்பு அந்தத் திசைக்கு இணையாக இருந்தால் தாள் பணியும், குறுக்காக இருந்தால் முரண்டுபிடிக்கும். 80 ஜீ.எஸ்.எம். (சதுர மீற்றருக்கு 80 கிராம் எடையுள்ள) தாளில் இது பெரிதாகத் தெரியாது, 120ஐத் தாண்டினால் தெரியும்.

திசையை அறிய, தாளை மடிக்காமல் இரு வாட்டிலும் வளைத்துப் பாருங்கள். எளிதாக வளையும்போது வளைவின் அச்சு நாருக்கு இணை. ஐயம் இருந்தால் ஒரு மூலையைக் கிழியுங்கள். நார் வழியே நேராகக் கிழியும், குறுக்கே கோணலாகப் போகும். சிறு சதுரம் வெட்டி ஒரு முகத்தை மட்டும் நனைத்தால் அது குழாயாகச் சுருளும். குழாய் கிடக்கும் திசைதான் நாரின் திசை.

கடையில் கிடைக்கும் ஏ4 தாள்களில் பெரும்பாலும் நார் 297 மி.மீ. பக்கமாக ஓடும். இரண்டாக மடித்துச் செய்யும் ஏ5 புத்தகத்துக்கும் மேலே சொன்ன எட்டுப் பக்கப் புத்தகத்துக்கும் முதுகு 210 மி.மீ. பக்கத்துக்கு இணையாக வருகிறது. அதாவது நாருக்குக் குறுக்காக. புறக்கோட்டை மலிபன் வீதிக் கடதாசிக் கடைகளில் ஏ3 கேளுங்கள். நார் 420 மி.மீ. பக்கமாக ஓடும் ஏ3யைக் குறுக்கே பாதியாக வெட்டினால், உங்களுக்குத் தேவையான ஏ4 கிடைக்கும்.

பிரிஸ்டல் போர்ட் போன்ற தடித்த அட்டையை மடிக்குமுன் அடிமட்டம் வைத்து, மை தீர்ந்த பேனையால் பள்ளக் கோடு இடுங்கள். பள்ளம் வெளிப்பக்கமும் மறுபக்கத்துப் புடைப்பு உள்ளேயும் வரும்படி மடிக்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நிறம் உதிர்வதற்கு நார் மட்டும் காரணமல்ல. லேசர் அச்சின் கறுப்புத் தூள் தாளில் ஊறாமல் மேற்பரப்பில் ஒட்டி நிற்பதால் எந்த மடிப்பிலும் வெடிக்கும். முதுகில் முழுக் கறுப்பு வராமல் வடிவமைப்பதே வழி.

கேள்வி (வெள்ளவத்தை): என்னிடம் பன்னிரண்டு குறுங்கவிதைகள் உள்ளன. விசிறி மடிப்புப் புத்தகமாக்க விரும்புகிறேன். எத்தனை தாள் தேவை? எழுத்தின் அளவு என்ன?

பதில்: ஒரு ஏ3 தாள் போதும். நீளவாக்கில் இரண்டாக வெட்டினால் 148 மி.மீ. உயரமும் 420 மி.மீ. நீளமும் உள்ள இரு பட்டிகள் கிடைக்கும். ஒவ்வொன்றின் வலது முனையிலும் 12 மி.மீ. ஒட்டு நாக்கு மடித்துவிட்டால் மிச்சம் 408, அது 102 மி.மீ. அகலமான நான்கு பக்கங்கள். ஒரு முனையிலிருந்து ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டு போனால் சிறு பிழையும் சேர்ந்து சேர்ந்து கடைசிப் பக்கம் கோணும். முதலில் 408ஐ நடுவில் மடித்து, பிறகு இரு முனைகளையும் அந்த நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து, கடைசியில் மடிப்புகள் முன்னும் பின்னும் மாறி வரும்படி திருப்புங்கள்.

இரு பட்டிகளையும் ஒட்டினால் இருபுறமும் சேர்த்துப் பதினாறு முகங்கள். முதல் இதழின் பின்முகமும் கடைசி இதழின் பின்முகமும் அட்டைகளில் ஒட்டப்படும். மிச்சமிருக்கும் நாக்கும் பின்னட்டைக்கே போகும். எஞ்சும் பதினான்கில் தலைப்புக்கு ஒன்று, கவிதைகளுக்குப் பன்னிரண்டு, பதிப்பு விவரத்துக்கு ஒன்று. இருபுறமும் அச்சிடுவதால் 120 ஜீ.எஸ்.எம்.முக்குக் குறைந்த தாளில் மறுபக்க எழுத்து தெரியும். இங்கே நார் 297 மி.மீ. பக்கமாக ஓடினால் நல்லது. கிடைக்காவிட்டால் பள்ளக் கோடு போட்டு மடியுங்கள்.

எழுத்து 11 புள்ளி (பொயின்ட்), வரி இடைவெளி 16 புள்ளி. ஆங்கில நூல்களைப் பார்த்து 13 வைத்தால், மேல்வரியின் கீழிறங்கும் ‘ழு’, ‘ணூ’ போன்றவை கீழ்வரியின் ‘கீ’, ‘தி’ மேல்வளைவுகளோடு மோதும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. இவ்வளவு குறுகிய பக்கத்தில் இரு ஓரமும் சமன்செய்தால் சொற்களுக்கிடையே ஓட்டைகள் விழும், இடப்பக்கம் மட்டும் ஒழுங்குபடுத்துங்கள். சொல்லை உடைக்க நேர்ந்தால் புள்ளி எழுத்து வரியின் தொடக்கத்தில் வரக்கூடாது. ‘மண்’ என்று முடித்து ‘வாசனை’ என்று தொடங்கலாம், ‘ம’ என்று முடித்து ‘ண்வாசனை’ என்று தொடங்கினால் அச்சுப் பிழைபோலவே இருக்கும். கவிதையில் சொல்லை உடைக்காமலே விடுவது மேல்.

கேள்வி (பம்பலப்பிட்டி): 32 பக்க ஏ5 புத்தகத்துக்கு ஸ்டேப்ளர் பின் அடித்தால் சில மாதங்களில் துருப்பிடிக்கிறது.

பதில்: கடற்காற்றில் அப்படித்தான். நூலால் தையுங்கள், மூன்று துளை போதும். எட்டு ஏ4 தாள்களை மடித்து ஒன்றினுள் ஒன்றாகச் செருகி, மடிப்பில் நடுவே (105 மி.மீ.) ஒன்றும் இரு முனைகளிலிருந்தும் 35 மி.மீ. தள்ளி ஒவ்வொன்றுமாக, உள்ளிருந்து வெளியே குத்துங்கள். துளை மடிப்புக் கோட்டிலேயே விழ வேண்டும், விலகினால் தாள் அங்கிருந்து கிழியும். ஊசி மெல்லியதாக இருக்கட்டும்.

நூல் 55 செ.மீ. நீளம். மெழுகுதிரியில் ஒரு தடவை இழுத்தால் சிக்காது. நடுத்துளையில் உள்ளிருந்து வெளியே வந்து, மேல்துளையால் உள்ளே போய், நடுத்துளையைத் தாண்டி நேரே கீழ்த்துளையால் வெளியே வந்து, மீண்டும் நடுத்துளையால் உள்ளே நுழையுங்கள். நூலின் இரு முனைகளும் உள்ளே ஓடும் நீள நூலின் இருபுறமும் நிற்க, அதன்மேல் முடிச்சிடுங்கள். ஒரே பக்கத்தில் நின்றால் முடிச்சு எதையும் பிடிக்காது. இழுக்கும்போது முதுகின் திசையிலேயே இழுங்கள், செங்குத்தாக இழுத்தால் துளை கிழியும்.

தைத்த பின் நடுத்தாள்கள் ஏறத்தாழ 1 மி.மீ. வெளியே துருத்தும். அது உங்கள் தவறல்ல, தாளின் தடிப்பு. புதிய பிளேட்டும் இரும்பு அடிமட்டமும் வைத்துத் திறக்கும் ஓரத்தை நறுக்குங்கள். தைத்த புத்தகத்தில் அதற்குத் தடையில்லை.

கேள்வி (வத்தளை): எட்டுப் பக்கப் புத்தகத்துக்கு ஐ.எஸ்.பி.என். (சர்வதேச தர நூல் எண்) எடுக்க வேண்டுமா?

பதில்: நண்பர்களுக்குக் கொடுப்பதற்குத் தேவையில்லை. புத்தகக் கடைகளில் விற்க எண்ணினால், இலங்கையில் இந்த எண்ணை வழங்குவது கொழும்பு 7இல் உள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை. யுனெஸ்கோவின் 1964ஆம் ஆண்டு வரைவிலக்கணப்படி, அட்டையை விட்டு 49 பக்கமாவது இருந்தால்தான் நூல், 5 முதல் 48 வரை சிறுநூல். முகப்பையும் பின்னட்டையையும் கழித்தால் உங்கள் கையில் இருப்பது ஆறு பக்கம். ஒரு பக்கம் மிச்சத்தில் சிறுநூலாகத் தப்பிவிட்டது.